காப்போமும் காத்தோமும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்த சில நாட்களுக்குள் என் வீட்டிற்கு ஒரு காகிதக் கட்டு வந்து சேரும். உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி மாணவ மாணவியர்க்கு நடத்தப்பெற்ற கட்டுரைப் போட்டியின் தாள்கள் அவை. அரபும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியன் என்பதனால், அவற்றைத் திருத்திப் பரிசுக்குரிய மூன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைப்பது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்து வந்தமையால், ஒரு கட்டுரையின் முதல் வரியைப் படிக்கும் முன்னரே அதன் கடைசி வரி இன்னதாக இருக்கும் என்று என்னால் சொல்லிவிட முடியும். நடுவோம், வளர்ப்போம், காப்போம் என்னும் மூன்று சொற்களுள் ஒன்றில் அது முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வந்த கட்டில் ஒரு கட்டுரை மட்டும் அவ்வாறு முடியவில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. ஒரு பக்கத்திற்கு மேல் இல்லை. சென்ற ஆண்டு இதே நாளில் தன் பள்ளி முற்றத்தில் ஒரு வேப்பங்கன்று நடப்பட்டதையும், அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பு தன்னிடம் தரப்பட்டதையும், கோடை விடுமுறையில் பள்ளியின் வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்ததால் உள்ளே செல்ல இயலாமற் போனதையும், மீண்டும் வந்து பார்த்தபோது ஒரு குச்சி மட்டும் நின்றதையும், இவ்வாண்டும் அதே குழியைத் தோண்டிப் புதுக்கன்று வைத்ததையும் அவள் வரிசையாக எழுதியிருந்தாள். அத்துடன் கட்டுரை நின்றுவிட்டது. நான் அத்தாளின் ஓரத்தில், "தலைப்பை ஒட்டி எழுதப்படவில்லை, முடிவுரை இல்லை" என்று குறித்து, மதிப்பெண்ணைக் குறைத்து அனுப்பிவிட்டேன்.

அன்று நான் இட்ட மதிப்பெண் தவறு என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இக்கட்டுரை அத்தவற்றின் திருத்தம் என்று வாசக அன்பர்கள் கொள்ளலாம். சுற்றுச்சூழல் நாட்கள் என்று இன்று உலகம் கொண்டாடி வரும் நாட்களையும், அவற்றைச் சுற்றி வளர்ந்துவிட்ட பேச்சையும் எழுத்தையும் ஓர் இலக்கியப் பனுவலைத் திறனாய்வதைப் போலவே எடுத்து நோக்குவது என் கருத்து. அதற்கு எனக்குத் தெரிந்த கருவி இலக்கணம் ஒன்றுதான்.

"காப்போம்" என்னும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கா என்பது பகுதி. முதல் பகர மெய் சந்தி. இரண்டாம் பகர மெய் எதிர்கால இடைநிலை. ஓம் என்பது தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி. காலத்தை உணர்த்துவது அந்த ஒற்றை இடைநிலை. அதனை மாற்றினால் "காத்தோம்" என்றாகிவிடும். "நடுவோம்" என்பது "நட்டோம்" ஆகும். எழுத்தளவில் வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் முன்னதைச் சொல்வதற்கு ஒரு மேடையே போதும். பின்னதைச் சொல்ல ஓராண்டு உழைப்பு வேண்டும். மேலும், இந்த ஓம் என்னும் விகுதி இவ்விடத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. பேசுவோனையும் கேட்போனையும் அங்கில்லாதவனையும் ஒருங்கே உட்கொள்வது. எல்லாரையும் உட்கொண்ட எழுவாய்க்கு எவரும் பொறுப்பாவதில்லை. அவ்வூரில் ஐந்நூறு பேர் கூடிக் "காப்போம்" என்றனர். வேப்பங்கன்றுக்கு நீர் ஊற்றும் வேலையோ பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு விடப்பட்டது.

அரபு மத்ரஸாவில் சேர்ந்த சிறுவனுக்கு ஸர்ஃபுக் கலையின் தொடக்கத்தில் கற்பிக்கப்படுவது இறந்தகால வினை. "ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ" என்று நாங்கள் உரக்க ஓதியபோது, "அவன் செய்தான், அவ்விருவர் செய்தனர், அவர்கள் செய்தனர்" என்பதே அதன் பொருள். அரபு அகராதியில் ஒரு வினையைத் தேடுவோன் "செய்தான்" என்னும் அவ்விறந்தகால வடிவைக் கொண்டே தேட வேண்டும். "செய்" என்னும் ஏவல் பிற்பாடுதான் வரும். ஏன் இப்படி என்று அக்காலத்தில் நான் உஸ்தாதிடம் கேட்டதில்லை. சொல்லிலக்கணத்தின் அமைப்பு அது, அவ்வளவே. ஆயினும் செய்ததிலிருந்து சொல்லைத் தொடங்கும் அப்பழக்கம், நாம் ஆராயும் இந்நாட்களுக்கும் ஒரு நல்ல உரைகல்லாக உதவுகிறது. எந்த நாள் "செய்தார்கள்" என்பதன்மேல் நிற்கிறது, எந்த நாள் "செய்வோம்" என்பதன்மேல் மட்டும் நிற்கிறது என்று பிரித்துக் காண்போம்.

ஜூன் 5 என்னும் நாள் எங்கிருந்து வந்தது? 1972ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், மனிதச் சூழலைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாடு ஜூன் 5ஆம் நாள் தொடங்கி 16ஆம் நாள் முடிந்தது. அம்மாநாட்டிற்கு நேரில் வந்த அரசுத் தலைவர்கள், விருந்தளித்த நாட்டின் பிரதமர் ஓலோஃப் பால்மேயும் நம் நாட்டின் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரும் மட்டுமே. வறுமையைப் போக்காமல் சூழலைக் காத்தல் இயலாது என்னும் கருத்தை அம்மையார் அங்கே எடுத்துரைத்தது உலகோர் கவனத்தை ஈர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐ. நா. பொதுச்சபை ஜூன் 5ஐ உலகச் சுற்றுச்சூழல் நாளாக அறிவித்தது. 1973 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் கொண்டாடுவது மாநாடு தொடங்கிய நாளை. கூடியோர் ஒரு முடிவுக்கு வந்து அறிக்கையை ஏற்றுக்கொண்ட நாள் 16. அந்த 16ஆம் நாளை எவரும் நினைவில் வைக்கவில்லை. ஸ்டாக்ஹோம் பயனற்றுப் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. 1974இல் நம் நாட்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆம் திருத்தத்தால், காட்டையும் நீர்நிலையையும் உயிரினங்களையும் பேணுதல் அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் எழுதப்பெற்றது. 1981இல் காற்று மாசுச் சட்டமும், 1984இன் போபால் பேரழிவிற்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. இவையனைத்தும் இறந்தகால வினைகள். ஆயினும் ஜூன் 5 மேடைகளில் இவற்றுள் ஒன்றையேனும் பெயர் சொல்லி, அது நம் ஊரில் எந்த அளவு நடைமுறையில் உள்ளது என்று கேட்டவரை நான் கண்டதில்லை. வினை இருந்தும் நாள் அதனை நினைவூட்டவில்லை.

நாளைக் கடன் வாங்கியதில் இன்னொரு பிழையும் நேர்ந்தது. ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதம் இளங்கோடை. மண் ஈரமும் மரம் பசுமையுமாக இருக்கும் காலம். நம் கிழக்குக் கரை மாவட்டங்களிலோ அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக் காற்றே தருகிறது. கடலோரத்தில் அதன் பங்கு இன்னும் மிகுதி. கன்றை ஊன்றும் காலம் ஐப்பசி என்பது எங்கள் ஊர்க் குடியானவர் எவருக்கும் தெரியும். 1950இல் மத்திய வேளாண் அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் தொடங்கிவைத்த வனமகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் நடைபெறுவதும் தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளுக்குப் பொருந்தும். கன்னியாகுமரிக்கும் நீலகிரிக்கும் பொருந்தும். இராமநாதபுரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் பொருந்தாது. மழைக்கு நான்கு மாதம் முன்னதாக, காய்ந்த மண்ணில் ஒரு கன்றை வைத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதை மரம் நடுதல் என்று சொல்லலாமா? அம்மாணவியின் கன்று அவளுடைய கவனக்குறைவால் மடியவில்லை. நாட்காட்டி அதற்கு எதிராக இருந்தது.

இனி, வேறு இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம்.

1969ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் சாண்டா பார்பரா என்னுமிடத்தில் கடலடி எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்து, கரை முழுதும் எண்ணெய் படர்ந்தது. அதைக் கண்டு வந்த விஸ்கான்சின் மாநிலத்து செனட்டர் கேலார்ட் நெல்சன், நாடு முழுவதும் ஒரே நாளில் இதுபற்றிப் பேச வேண்டும் என்று முயன்றார். டெனிஸ் ஹேய்ஸ் என்னும் இளைஞர் அதனை ஒருங்கிணைத்தார். நாளாக 1970 ஏப்ரல் 22ஐத் தேர்ந்தனர். கல்லூரிகளின் வசந்த விடுமுறைக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் இடைப்பட்ட நாள் அது. யார் வந்து வேலை செய்ய வேண்டுமோ அவர்களுக்கு ஏற்ற நாளாகப் பார்த்துக் குறித்தார்கள். ஏறத்தாழ 2 கோடி மக்கள் பங்கேற்றனர். கூட்டம் கலைந்ததும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில், சூழலுக்குப் பகையாக வாக்களித்து வந்த 12 நாடாளுமன்ற உறுப்பினரைப் பெயர் சொல்லிச் சுட்டி எதிர்த்தனர். அவர்களுள் 7 பேர் தோற்றனர். டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தோன்றியது. அம்மாதமே தூய காற்றுச் சட்டம் வலுப்பெற்றது. 1972இல் தூய நீர்ச் சட்டமும் 1973இல் அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டமும் வந்தன. அந்தப் புவி நாள் பிற்காலத்தில் வணிக நிறுவனங்களின் விளம்பர நாளாகவும் தேய்ந்துபோயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் முதலாண்டு, ஒரு நாள் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

மற்றொன்று செப்டம்பர் 16, ஓசோன் நாள். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் எனும் வேதிப்பொருள்கள் வானின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் ஆகிய அறிஞர் இருவர் எழுதினர். 1985இல் அண்டார்டிகாவின்மேல் அப்படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்டு வெளியிட்டனர். இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பர் 16 அன்று, மாண்ட்ரியல் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. எந்தப் பொருளை, எந்த ஆண்டுக்குள், எவ்வளவு குறைப்பது என்பது அதில் எண்ணால் எழுதப்பட்டது. ஏழை நாடுகளுக்குக் கூடுதல் காலமும் பின்னர்ப் பொருளுதவியும் தரப்பட்டன. நாள் இதற்குப் பின்னர்தான் பிறந்தது. 1994இல் ஐ. நா. அதனை அறிவித்தது, 1995 முதல் அது நினைவுகூரப்படுகிறது. தடுக்கப்பட்ட பொருள்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒழிந்துவிட்டதென்றும், அண்டார்டிகாவின் மேலுள்ள படலம் 2066 அளவில் 1980இன் நிலைக்குத் திரும்பக்கூடும் என்றும் 2023 தொடக்கத்தில் வெளிவந்த ஐ. நா. ஆய்வறிக்கை கூறிற்று. நம் மேடைகளில் ஓசோன் நாளுக்கு அவ்வளவு ஆரவாரம் இல்லை. ஆனால் "காத்தோம்" என்று இறந்தகாலத்தில் சொல்லும் தகுதி இவ்வரிசையில் அந்நாளுக்கே மிகுதி.

இவ்விரண்டையும் அருகில் வைத்து ஜூன் 5ஐ மீண்டும் நோக்கினால் வேறுபாடு விளங்கும். ஐ. நா. அமைப்பு ஆண்டுதோறும் ஜூன் 5க்கு ஒரு கருப்பொருளை அறிவிக்கும். 2018இல் நம் நாடு விருந்தளித்தபோது கருப்பொருள் பிளாஸ்டிக் மாசு. 2023இலும் அதுவே. 2025இலும் அதுவே. எட்டு ஆண்டுகளில் மூன்று முறை ஒரே பாடம் நடத்தப்பட்டது. இதற்கிடையில் 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய நாடுகள், பிளாஸ்டிக்கிற்கென ஓர் உடன்படிக்கையை 2024 முடிவதற்குள் ஆக்குவதென்று தீர்மானித்தன. 2024 இறுதியில் தென்கொரியாவின் பூசானில் கூடி முடிவின்றிக் கலைந்தன. 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடியும் உடன்பாடின்றியே பிரிந்தன. மாண்ட்ரியலில் கையொப்பத்திற்குப் பின் நாள் வந்தது. இங்கே கையொப்பம் வருமுன்னரே நாள் மூன்று முறை வந்து போயிற்று.

ஆயினும் நடுநிலை தவறலாகாது. அதே 2018 ஜூன் 5 அன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை என்று தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. சொன்ன நாளில் தடையும் நடைமுறைக்கு வந்தது. ஒரு கொண்டாட்ட நாள் தேதியிட்ட வினையொன்றைப் பெற்றெடுத்தது என்பதற்கு இது நம் மாநிலத்துச் சான்று. 2021 டிசம்பரில் அடுத்து வந்த அரசு மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கி அதனைத் தொடர்ந்தது. இருந்தும், எங்கள் கடைத்தெருவில் மீன் வாங்கினாலும் பூ வாங்கினாலும் அந்த மெல்லிய பை இன்றும் கையில் ஏறிவிடுகிறது. சட்டம் போட்ட நாளை அனைவரும் அறிவர். அது எந்த அளவு நிறைவேறியது என்று கணக்குப் பார்க்கும் நாளை எவரும் வைத்துக்கொள்ளவில்லை.

அரபுக் கல்வி பயின்றோர்க்கு இவ்விடத்தில் "ஹிமா" என்னும் சொல் நினைவுக்கு வராமற் போகாது. காக்கப்பட்ட இடம் என்பது அதன் பொருள். அறியாமைக் காலத்து அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களைத் தம் மந்தைக்கென்று வளைத்து வைத்துப் பிறரை விலக்கினர். அத்தனியுரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நீக்கி, பொதுநலனுக்கு மட்டுமே ஹிமா உண்டு என்றாக்கினார்கள். மதீனாவிற்கருகில் நகீஃ என்னுமிடம் அவ்வாறு காக்கப்பட்டது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவிற்கு ஹுனை என்பவரைக் காவலராக அமர்த்தியபோது கூறிய அறிவுரையின் கருத்து ஹதீஸ் நூல்களில் உள்ளது. சில ஒட்டகமும் சில ஆடும் மட்டும் உடைய ஏழையை உள்ளே விடுக. பெருஞ்செல்வர் மந்தையை விடற்க. செல்வர்க்குத் தோட்டமும் வயலும் உண்டு, ஏழையின் ஆடு மடிந்தால் அவன் பிள்ளைகளோடு என்னிடம் வந்து நிற்பான் என்பது அதன் சாரம். செல்வர் எனப் பெயர் சுட்டப்பட்டோர் எளியவர் அல்லர், நபித்தோழர்களுள் முன்னணியினர்.

இதில் திறனாய்வாளன் கவனிக்க வேண்டியவை மூன்று. அவர்கள் குறித்தது ஒரு நாளை அன்று, ஓர் இடத்தை. இடம் ஆண்டு முழுதும் இருக்கும். "நாம்" என்று பொதுவில் சொல்லாமல் ஒருவரைப் பெயரிட்டுப் பொறுப்பாக்கினார்கள். காப்பதன் சுமை யார்மேல் விழ வேண்டும், யார்மேல் விழலாகாது என்பதையும் வரையறுத்தார்கள். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானில் காஸ்பியன் கரையிலுள்ள ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையும் இடங்களைப் பெயரிட்டுக் காக்கும் முறையையே கொண்டது. பிப்ரவரி 2 இன்று உலக ஈரநில நாள். இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் ஆகிய கண்மாய்கள் அப்பட்டியலில் ஏறியிருக்கின்றன. நம் முன்னோர் வெட்டிய கண்மாய்க்கு உலகப் பட்டியலில் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சியே. அங்கே வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா என்று பிப்ரவரி 2இல் நடந்து போய்ப் பார்ப்போமானால் அந்நாளுக்குப் பொருள் உண்டு.

இதுகாறும் பிறரைப் பற்றிப் பேசினேன். நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தோரில் நம் சமுதாயத்தார் பலர். பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அத்தொழிலின் செல்வத்தால் எழுந்தன. பல சமயத்தாரான ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களும் அதனால் உண்கின்றன. நான் ஓதிய மத்ரஸாவிலும், பக்ரீத் நாளில் ஊரார் கொடுத்த குர்பானித் தோல்களை விற்ற பணம் எங்கள் சாப்பாட்டுச் செலவிற்கு உதவியது. அத்தோல்கள் எந்த ஆற்றங்கரைக்குப் போயின என்று நாங்கள் கேட்டதில்லை. ஆகவே இதனை வெளியே நின்று சொல்லவில்லை. அந்தச் சோற்றை உண்டவனாகவே சொல்லுகிறேன்.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகளின் கழிவுநீரால் அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதும், கேடு உறுதியாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகளே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. சட்டக் கல்லூரிகளில் இன்று பாடமாக உள்ள தீர்ப்பு அது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. பல உரிமையாளர்கள் பெரும்பொருள் செலவிட்டனர். செலவிட இயலாத சிறு ஆலைகள் மூடப்பட்டன. இவையும் இறந்தகால வினைகளே, மறைத்தல் நன்றன்று. எனினும் 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுச் சேற்றுத் தொட்டி இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம், இழப்பீடு முறையாகச் சென்று சேர வேண்டுமென்றும் பாலாற்றைச் சீராக்கக் குழு அமைக்க வேண்டுமென்றும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. முதல் தீர்ப்பிற்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல்.

ஸ்டாக்ஹோமில் மாநாடு தொடங்கிய நாள் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகஸ்ட் 28 தெரியாது. பாலாற்றங்கரைப் பள்ளிகளில் ஓவியப் போட்டி வைத்து உருண்டையான பூமிக்குக் கண்ணீர் வரையச் சொல்லும் நாம், ஐந்து கல் தொலைவில் உள்ள ஒரு கிணற்று நீரை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வதில்லை. பூமி முழுவதையும் காப்பதாகச் சொல்வது எளிது. நம் கிணற்றைப் பற்றிச் சொன்னால் அண்டைவீட்டார், உறவினர், நன்கொடை தந்தோர் முகம் பார்க்க வேண்டிவரும். ஜூன் 5இன் எதிர்கால வினை இந்தச் சங்கடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றித் தருகிறது என்பதே அதன்மேல் என் முதன்மையான குற்றச்சாட்டு.

"ஒரு நாளாவது நினைக்கிறார்களே, அதையும் கெடுப்பானேன்?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பிஞ்சு உள்ளத்தில் ஒரு சொல்லாவது விழட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நாளை ஒழிக்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. கடைக்காரர் ஆண்டிற்கொருமுறை கணக்கு முடிக்கிறார். அந்நாளில் அவர் இனி வரப்போகும் இலாபத்தைப் பாடிக்கொண்டிருப்பதில்லை. வந்ததையும் போனதையும் இருப்பையும் எழுதுகிறார். சுற்றுச்சூழல் நாளும் அத்தகைய கணக்கு நாளாகட்டும். சென்ற ஆண்டு நட்டவை எத்தனை, உயிரோடு இருப்பவை எத்தனை, விடுமுறையில் நீர் ஊற்றியவர் யார் என்று ஜூன் 5 அன்று ஒரு குறிப்பேட்டைப் படிக்கட்டும். கன்றுகளை மழையோடு ஐப்பசியில் நடட்டும். பாலாற்றுப் பக்கத்தார் ஆகஸ்ட் 28 அன்று ஆலை உரிமையாளரையும் உழவரையும் தொழிலாளரையும் ஒரே விரிப்பில் அமர்த்திக் கிணற்று நீரின் நிலையைப் பேசட்டும். இவற்றிற்கு மேடையும் மாலையும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா.

என்னளவில் செய்யக்கூடிய ஒன்றைச் சென்ற முறை செய்தேன். போட்டியின் தலைப்பை மாற்றுமாறு கேட்டுக்கொண்டேன். "சென்ற ஓராண்டில் நான் செய்தது" என்பது புதிய தலைப்பு. எதிர்கால வினைமுற்று ஒன்றுகூட வரலாகாது என்பது நிபந்தனை. கட்டு வழக்கத்தைவிட மிகவும் மெலிந்து வந்தது. பலர் ஐந்து வரிக்குமேல் எழுதவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்றே நேர்மையாக எழுதியோரும் இருந்தனர். ஒரு சிறுவன், தன் தெருப் பள்ளிவாசலில் ஒளூச் செய்து வழிந்தோடும் நீரைச் சிறு வாய்க்கால் வெட்டி நான்கு வாழைகளுக்குத் திருப்பியதாகவும், அதில் ஒன்று குலை தள்ளியதாகவும், ஒன்றை ஆடு தின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தான். "வாழை" என்பதை நான்கு இடத்திலும் "வாளை" என்றே எழுதியிருந்தான். பிழையைத் திருத்திக் காட்டினேன், மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.